பெட்டி தயாராகட்டும்

உள்ளே போய்விட்டது. இரண்டு முனையிலும் கொக்கி டக்கென்று விழுந்ததை என் காதாலேயே கேட்டேன். அப்புறம் என்ன கேடு இதற்கு, திரை இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. சுவிட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி போடுகிறேன். காற்றாடி சுற்றுகிறது, மதர்போர்டுப் பலகையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது, விளக்குக்குப் பக்கத்தில் எறும்புத் தலை அளவுக்கு ஏதோ எழுத்து. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூக்கு இடிக்கிற தூரத்துக்குக் குனிந்தால் மெமரி என்று தெரிகிறது. அதாவது நான் இப்போது செருகின மெமரியை இந்தப் பலகைக்கு அடையாளம் தெரியவில்லை. பொருந்துகிறது, ஆனால் தெரியவில்லை. நேற்றுக் கூரியரில் வந்ததிலிருந்து இதைப் பிரிக்காமல் வைத்திருந்தேன், என் மனைவி ஹெப்சிபா வீட்டில் இருக்கும்போது தொடக்கூடாது என்று, அவள் பார்த்துக்கொண்டு நின்றால் திருகாணியைக் கீழே போடுவேன். அதனால்தான் மூட்டு வலி என்று சொல்லி இன்றைக்குக் கோயிலுக்குப் போகாமல் இருந்துகொண்டேன். குருத்தோலை ஞாயிறு. பாளையங்கோட்டையில் பாதித் தெரு கையில் ஓலையோடு போகிறது, நான் சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து அதன்மேல் ஒரு கம்ப்யூட்டரின் குடலையெல்லாம் பரப்பி உட்கார்ந்திருக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் லெக்சரர் கோயில்பிள்ளை. பாலிடெக்னிக்கில் வருஷா வருஷம் முதல் வகுப்பில், எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன்னால் அதன் விவரத்தாளைப் படி என்று ஆரம்பிக்கிற கோயில்பிள்ளை. படிக்கத்தானே செய்தேன். மாசக்கணக்கில் வேறென்ன செய்தேன்.

அவள் வருவதற்குள் இது ஓடியாக வேண்டும். சாயங்காலம் பாடகர் குழுவுக்குப் பயிற்சி இருக்கிறது, அடுத்த ஞாயிறு ஈஸ்டர், ஆல்ட்டோ பாடுகிற பெண்களுக்கு ஹெப்சிபா ஒரு பாட்டைச் சொல்லித்தர வேண்டும். மெட்டு எல்லாருக்கும் தெரிந்த மெட்டுதான். மெட்டுக்குக் கீழே ஓடுகிற அந்த இரண்டாம் குரல் மட்டும் அவள் தலையில் உருவானது, தாளில் எழுதினதில்லை, எழுதவேண்டிய அவசியமும் வந்ததில்லை, அவள் பாடிக்காட்டுவாள், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். இப்போது பாடிக்காட்ட முடியாது. தைராய்டு ஆபரேஷனில் தொண்டை நரம்பு ஒரு பக்கம் செயலிழந்துவிட்டது. அப்படி நடக்கிறதுண்டு என்று முன்னாலேயே விளக்கிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள், யாரையும் குறை சொல்வதற்கில்லை, குறை சொல்ல ஒரு ஆள் கிடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பேச்சு வருகிறது. காற்றும் கரகரப்பும் கலந்து, பழைய ரேடியோவில் ஸ்டேஷன் விலகினாற்போல ஒரு பேச்சு. பாட்டு வரவில்லை. கீபோர்டில் வாசித்துக் காட்டலாமே என்றேன் ஒருநாள். ஸ்வரத்தை விரல் சொல்லும், வார்த்தையை எங்கே இழுக்கணும் எங்கே விடணும்னு விரல் சொல்லுமா என்றாள். சொல்லாதுதான். ஆனால் அவள் அந்தப் பாகத்தைத் தனியாகப் பாடி நான் ரெக்கார்டு செய்தது இருக்கிறது. படுக்கையறை ஜன்னலையெல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்தி, அவள் கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார, நான் வேர்த்து ஒழுக அந்தச் சின்ன ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு நின்று எடுத்தது. அது மட்டுமல்ல, எத்தனையோ வருஷத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது. எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்க்கில். அந்த ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்கிறது.

எல்லாம் ஒரே டிஸ்க்கில் வைத்தவனை என்ன சொல்வது. வகுப்பில் ஒரு மாணவன் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஒரே பென்டிரைவில் வைத்துத் தொலைத்துவிட்டு வந்து நின்றால் என்னென்ன கேட்பேன் அவனை. பொங்கலுக்கு முன்னால் அதை லேப்டாப்பில் செருகினபோதுதான் முதல் டிக் கேட்டது. உள்ளே தட்டு சுற்றுகிறது, தட்டுக்கு மேலே முடி நுழையாத இடைவெளியில் ஒரு முனை மிதக்கிறது, அந்த முனை இடம் தெரியாமல் ஓரத்துக்குப் போய் முட்டித் திரும்புகிற சத்தம் அது. உடனே பிடுங்கிவிட்டேன். பிடுங்கி, துவைத்த கைக்குட்டையில் சுற்றி, பீரோவில் வைத்துவிட்டேன். இனி இதை ஒரே ஒரு தடவைதான் செருகுவது, அந்த ஒரு தடவையில் மொத்தத்தையும் எடுத்துவிடுவது, எடுத்ததைப் போட்டுவைக்க மறுபடி இப்படி ஏமாற்றாத ஒரு இடம் முதலில் கட்டவேண்டும், வீட்டிலேயே ஒரு பெட்டி, நாலு டிஸ்க், ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து அதைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. நல்ல யோசனை. இப்போதும் நல்ல யோசனைதான். யோசனையில் என்ன தப்பு, சாமான்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போக மாட்டேன் என்கிறது.

முதலில் கூட்டை வாங்கினேன், அதுதான் நான் விட்ட முதல் பிசகு, கண்ணுக்கு அழகாக இருந்தது, டிபன் கேரியர் உயரம்தான், முன்பக்கக் கதவைத் திறந்தால் நாலு டிஸ்க்கும் இட்லித் தட்டு மாதிரி வரிசையாக உட்காரும். அந்தக் கூட்டுக்குள் சின்னப் பலகைதான் போகும். சின்னப் பலகையில் டிஸ்க் வயர் செருக நாலு வாய். நாலு டிஸ்க், நாலு வாய், கணக்குச் சரி என்று வாங்கிவிட்டேன். பிறகுதான் கையேட்டின் அடிக்குறிப்பில், கொசு எழுத்தில், சிஸ்டம் ஓடுவதற்கான குட்டி டிஸ்க்கை அதற்குரிய இடத்தில் செருகினால் நாலு வாயில் ஒன்று வேலை செய்யாது என்று போட்டிருக்கிறான். செருகாவிட்டால் சிஸ்டம் எதில் ஓடும். செருகினால் மூன்றுதான் மிச்சம். சரி, கூடுதல் வாய் வைத்த ஒரு கார்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், கார்டு செருக ஒரே ஒரு பள்ளம் இருக்கிறது. இந்த இடத்தில்தான் மெமரி வந்து குறுக்கே படுத்தது. இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது, இதே வேலையாக உட்கார்ந்திருக்கிறவர்கள் கூடுகிற இடம். அங்கே ஒருவன் எழுதுகிறான், தன் பிழையைத் தானே திருத்திக்கொள்கிற ஈ.சி.சி. மெமரி போடாமல் இப்படி ஒரு பெட்டி கட்டுகிறவன் தன் பிள்ளைகளின் போட்டோவைத் தானே கொளுத்துகிறான் என்று. அடுத்தவன் எழுதுகிறான், அதெல்லாம் வெறும் பயமுறுத்தல் என்று. நான் எப்போதும் பயமுறுத்துகிறவன் கட்சி. ஈ.சி.சி. என்று முடிவு செய்தால் அதை ஏற்கிற பிராசசர் வேண்டும். ஏற்கிற பிராசசரை வாங்கினால் அதில் படம் காட்டுகிற பகுதி இல்லை, திரைக்குத் தனியாகக் கார்டு போடவேண்டும். கார்டு போடப் பள்ளம் ஒன்றுதான். திரைக் கார்டைப் போட்டால் டிஸ்க் கார்டுக்கு இடமில்லை, டிஸ்க் கார்டைப் போட்டால் திரை இல்லை, இரண்டும் வேண்டும் என்றால் ஈ.சி.சி. இல்லை, ஈ.சி.சி. இல்லை என்றால் அவள் குரலில் ஒரு எழுத்து தேய்ந்துபோனாலும் எனக்குத் தெரியாது. சுற்றிச் சுற்றி வருகிறேன். சாப்பிடும்போது, வகுப்பில் கரும்பலகையில் சர்க்யூட் வரைந்துகொண்டிருக்கும்போது, பல் தேய்க்கும்போது. ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டே கண்டுபிடித்தேன், திரைக் கார்டைப் போட்டு சிஸ்டத்தை ஏற்றிவிட்டுப் பிறகு அதைக் கழற்றிவிட்டு டிஸ்க் கார்டைப் போட்டுக்கொள்ளலாமே. நுரையோடு ஓடிவந்து மன்றத்தில் தேடினேன். இந்தப் பலகை திரைக் கார்டு இல்லாமல் எழுந்திருக்காது என்று எவனோ ஒருவன் மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே அழுதிருக்கிறான்.

அப்புறம் மூன்று டிஸ்க் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். டிஸ்க்கிலும் ஒரு வில்லங்கம். ஓடு வேய்கிற மாதிரி ஒன்றின் விளிம்பில் இன்னொன்றை ஏற்றி எழுதுகிற ரகம் ஒன்று இருக்கிறது, இந்த மாதிரிப் பெட்டிக்கு ஆகாது, விற்கிறவன் அட்டையில் அதைச் சொல்லவே மாட்டான். தேடித் தேடி ஆகிற ரகத்தில் வாங்கினேன். மின்சாரம் கொடுக்கிற சப்ளை வந்தது, கூட்டுக்குள் நுழையவில்லை, அதிலும் குட்டி ரகம் ஒன்று உண்டாம், திருப்பி அனுப்பிக் குட்டி வந்தது. கல்லூரி லேபில் சொல்லிவிட்டு ஒரு பழைய திரைக் கார்டு கொண்டுவந்தேன். கடைசியாக மெமரி. இதோ, மெமரி. மஞ்சள் விளக்கு. அந்தக் காலத்தில் அவள் வாயைத் திறந்தால் போதும், கூட்டு இல்லை, பலகை இல்லை, வயர் இல்லை, அடுக்களையில் தாளித்துக்கொண்டே பாடினால் முன்னறையில் எனக்கு ரோமம் நிற்கும். இப்போது அதைத் திரும்பக் கேட்பதற்கு இத்தனை தகரமும் தாமிரமும் வேண்டியிருக்கிறது, அவையும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்க மாட்டேன் என்கின்றன. ரிச்சி தெரு பர்வேஸுக்கு ஃபோன் போடுகிறேன். சென்னையில் கடை வைத்திருக்கிறவர், மெமரி அவரிடம் வாங்கினதுதான். ஞாயிற்றுக்கிழமை, எடுக்கமாட்டார். எடுத்துவிட்டார். பின்னால் குழந்தைகள் கத்துகிற சத்தம்.

"சொல்லுங்க சார்."

"பர்வேஸ், மெமரி லைட் எரியுது. போர்டு எடுக்க மாட்டேங்குது. நீங்க அனுப்புனது நல்ல பீஸ்தானா?"

"டெஸ்ட் பண்ணித்தான் சார் அனுப்பினேன். மேல ஸ்டிக்கர் இருக்கும் பாருங்க, நம்பர் படிங்க."

படித்தேன். பாதியிலேயே அவர் உச்சுக்கொட்டினார். "சார், இது ரெஜிஸ்டர்டு சார். பெரிய சர்வர் போர்டுக்குப் போறது. உங்க போர்டுல உக்காரும், ஆனா ஓடாது."

"நான் ஈ.சி.சி. தானய்யா கேட்டேன்?"

"இதுவும் ஈ.சி.சி. தான் சார். அதுல ரெண்டு வகை இருக்குல்ல. நீங்க லிங்க் அனுப்பி, இதே வேணும், வேற எதையும் மாத்தி அனுப்பிடாதீங்கன்னு போட்டிருந்தீங்க. வாட்ஸப்புல இருக்கும் பாருங்க சார்."

பார்க்கவேண்டியதில்லை, எனக்கே ஞாபகம் இருக்கிறது, மாற்றி அனுப்பிவிடாதீர்கள் என்று கோபமாக வேறு எழுதியிருந்தேன். நம்பரில் ஒரே ஒரு எழுத்து. ஆர். அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறேன், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஏதோ கம்பெனிக்காரன் சும்மா போட்ட எழுத்து என்று கண் தாண்டிப் போயிருக்கிறது. நாளைக்கு அனுப்புங்க சார், மாத்தித் தர்றேன், வியாழக்கிழமை வந்துரும் என்கிறார். வியாழக்கிழமை. இன்றைக்குச் சாயங்காலம் பயிற்சி. நன்றி சொன்னேனா என்றுகூடத் தெரியவில்லை, வைத்துவிட்டேன். மெமரியைப் பிடுங்கும்போது கட்டைவிரல் நகக்கண்ணில் கொக்கி குத்தி ரத்தம் எட்டிப்பார்க்கிறது, விரலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், வெளியே கேட் சத்தம்.

ஹெப்சிபா ஓலையை ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தாள். வெயிலில் நடந்து வந்ததில் நெற்றி மின்னியது. மேசையைப் பார்த்தாள், என் வாயில் இருந்த விரலைப் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள்.

"என்ன, எந்திரிச்சுதா?" என்றாள் கடைசியில்.

"என்ன?"

"உங்க பெட்டி. எந்திரிச்சுதான்னு கேக்கேன்."

"மெமரி மாறி வந்துட்டு. வியாழக்கிழமை வந்துரும்."

"வியாழக்கிழமை வச்சு நான் என்ன செய்யட்டும்? இன்னைக்கு நாலு மணிக்குப் பிராக்டிஸ். அந்த ஒத்தப் பாட்டு எடுத்துக் குடுங்க. டிஸ்க்க லேப்டாப்புல போட்டா வந்துரப்போவுது."

"ஹெப்சி, சொன்னாப் புரிஞ்சுக்கோ. ஒரு தடவதான் போட முடியும் அத. போட்டா மொத்தமாத்தான் எடுக்கணும். பெட்டி தயாராகட்டும்."

"பொங்கல்லருந்து தயாராகுது."

"அதுக்கு நான் என்ன செய்ய? எது வாங்குனாலும் எதோடயும் சேர மாட்டேங்குது. நாளெல்லாம் இதத்தான பாத்துக்கிட்டுக் கெடக்கேன், எனக்கென்ன ஆசையா?" என் குரல் ஏறிவிட்டது. அவளோடு சண்டை போடும்போது என் குரல் ஏறினால் அது அநியாயம் என்று எனக்குத் தெரியும், அவளால் ஏற்ற முடியாது, இருந்தும் ஏறிவிடுகிறது. "உன் குரலுக்காகத்தான் இத்தன பாடும். நீ என்னடான்னா ஒரு பாட்டு ஒரு பாட்டுன்னு."

அவள் என் அருகில் வந்தாள். மேசையின் மூலையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் காற்றைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னாள். "எனக்கு அது சொல்லிக்குடுக்க வேணும். அம்புட்டுதான். ஷீலா டீச்சர் பாவம், மூணு வாரமா தப்புத் தப்பாப் பாடுதாங்க, எனக்குத் திருத்தத் தெரியுது, காட்ட முடியல. கைய வச்சு மேல கீழ காமிச்சா ஊம நாடகம் போடுத மாதிரி இருக்கு. நீங்க அதப் பீரோக்குள்ள வச்சுப் பூட்டிருக்கீய. யாருக்குன்னு வச்சிருக்கீய?"

எனக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் படுக்கையறைக்குப் போனாள், பீரோ கிறீச்சிட்டது, கைக்குட்டை மூட்டையோடு திரும்பி வந்து, போர்வையின்மேல் கிடந்த சப்ளையையும் திருகாணிகளையும் புறங்கையால் ஒதுக்கிவிட்டு லேப்டாப்பை வைத்தாள். வேண்டாம் என்று சொல்லலாம். கையைப் பிடிக்கலாம். பிடித்தால் விட்டுவிடுவாள், இந்த வாழ்க்கையில் அவள் என் கையை உதறினதில்லை, விட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள், நாலு மணிக்கு வெறுங்கையோடு கோயிலுக்குப் போவாள், அந்தப் பெண்கள் முன்னால் கையை மேலே கீழே ஆட்டுவாள். மேலே கீழே. அதை நான் ஒருநாள் பார்த்திருக்கிறேன், அவளைக் கூப்பிடப் போனபோது ஜன்னல் வழியாக, பார்த்துவிட்டு வண்டிக்கே திரும்பி வந்துவிட்டேன். வயரை அவள் கையிலிருந்து வாங்கி நானே செருகினேன்.

டிக். சுற்றுகிற சத்தம், மெல்ல ஏறுகிறது, டிக், டிக். திரையில் ஒன்றும் வரவில்லை. அவள் மூச்சுவிடுவது கேட்கிறது. டிக். பிறகு, அதுவாகவே ஏதோ வழி கண்டுகொண்டதுபோல, திரையில் ஜன்னல் திறந்தது. ஃபோல்டர்கள். தேதி தேதியாக நான் போட்ட பெயர்கள், இதில் அவளுக்கு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, எது எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஈஸ்டர் பாட்டு நடுவில் எங்கோ இருக்கிறது. கீழே, கடைசிக்கு முந்தியதாக, வீடு என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் பாட்டு கிடையாது. பாட்டு முடிந்ததும் ரெக்கார்டரை நிறுத்த மறந்துவிடுவேன், அது பாட்டுக்கு ஓடும், ஏங்க ஃபேனப் போடுங்க, வெந்துட்டேன் என்பாள், தயிர்க்காரியோடு வாசலில் பேசுவாள், என் தங்கச்சி எலிசபெத்திடம் ஃபோனில் என்னைப் பற்றிக் குறை சொல்லிச் சிரிப்பாள். பாட்டிலிருந்து அந்த வாலையெல்லாம் வெட்டினபோது தூர எறிய மனசில்லாமல் ஒன்றாகப் போட்டுவைத்தேன். அவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டிக். இரண்டையும் சேர்த்து இழுத்தால் முனை இங்கும் அங்கும் அலையும், இருக்கிற உயிரும் போய்விடும். ஒன்றுதான் முதலில். அம்பு ஈஸ்டர் ஃபோல்டருக்குப் போகவேண்டியது, கீழே போய் நின்றது. அவள் கை என் தோளில் இருந்தது. அவள் கண் திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தது, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் மாதிரி. கீழே இருந்து மேலே வந்தேன். ஈஸ்டரைப் பிடித்து இழுத்தேன்.

பச்சைக் கோடு நகர்ந்தது. நின்றது. பயங்கரமாக ஒரு டிக், அப்புறம் நகர்ந்தது. ஆல்ட்டோ வந்துவிட்டது, அதோடு அந்த வருஷத்துப் பாட்டு எல்லாமும். "வந்துட்டா?" என்றாள். "வந்துட்டு." உடனே வீடு ஃபோல்டரை இழுத்தேன். கோடு ஒரு பருக்கை அளவு பச்சையானது. டிஸ்க்குக்குள் யாரோ மணலை அரைத்தார்கள். பிறகு அரைப்பதும் நின்று, சுற்றுவதும் நின்று, அந்த மேசையில் அப்படி ஒரு அமைதி. சாதனம் எதுவும் இணைக்கப்படவில்லை என்று திரை சொன்னது. பிடுங்கிச் செருகினேன். வேறு வாயில் செருகினேன். வயரை மாற்றினேன். உள்ளங்கையில் வைத்துக் காதில் ஒட்டவைத்தேன். ஒன்றுமில்லை.

"நான் சொன்னேன்ல," என்றேன். "நான் சொன்னேன்ல, போடாத போடாதன்னு."

"சொன்னீய." அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "வியாழக்கிழமை உங்க பெட்டியில போட்டிருந்தா மட்டும் பொழச்சிருக்குமா?"

பிழைத்திருக்காது. அதுதான் தாங்க முடியவில்லை. எதில் செருகினாலும் இவ்வளவு நேரம்தான் அதற்கு உயிர் இருந்தது, நான் வாங்கின எந்தப் பாகமும் அதில் ஒரு நிமிஷத்தைக் கூட்டியிருக்காது, பொங்கலிலிருந்து பொருத்தம் பார்த்துப் பார்த்து நான் கட்டினது இந்த டிஸ்க்கைக் காப்பாற்றவே காப்பாற்றாது, எனக்குள் எங்கேயோ அது தெரிந்துதான் இருந்தது. செருகாமல் இருக்கிறவரைக்கும் எல்லாம் உள்ளே இருக்கிறது. அவ்வளவுதான் நான் கண்ட பாதுகாப்பு. திருகாணி ஒன்றை எடுத்து மேசையில் உருட்டினேன். உருண்டு கீழே விழுந்தது, குனியவில்லை.

"கடைசியா ஒண்ணு இழுத்தீயள்ல, அதுல என்ன இருந்துச்சு?" என்றாள்.

"நீ பேசுனது."

"நானா? என்ன பேசுனேன்?"

"ஒண்ணுமில்ல. சும்மா பேசுனது. தயிர்க்காரிகிட்ட, எலிசபெத்கிட்ட. ஃபேனப் போடச் சொன்னது."

அவள் என் பக்கம் திரும்பினாள். கோபமா என்று பார்த்தேன், இல்லை. அழப்போகிறாளோ என்று பார்த்தேன், அதுவும் இல்லை.

"இப்பவும் பேசிக்கிட்டுதான இருக்கேன்," என்றாள். "நீங்கதான் என்ன என்னங்கிய. ரெண்டு தடவ கேட்டுட்டு, வாட்ஸப்புல அனுப்பிருங்கிய. அடுத்த ரூம்ல இருந்துக்கிட்டு ஃபோன்ல டைப் அடிக்கேன் நான், சோறு வைக்கவா வேண்டாமான்னு."

எனக்கு ஏதோ பதில் இருந்தது. காது மந்தம், காற்றாடிச் சத்தம், கவனம் வேறெங்கோ இருந்தது என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் சேரவில்லை. அவள் எழுந்து சொதியைச் சூடாக்கப் போனாள். நான் மேசையை ஒழித்தேன், போர்வையோடு மொத்தத்தையும் நாலு மூலை சேர்த்துக் கட்டி, அழகான அந்தக் கூட்டின் பக்கத்தில் தரையில் வைத்தேன். சாப்பிட உட்கார்ந்தோம். இஞ்சிப் பச்சடியை என் பக்கம் நகர்த்தினாள். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, சென்னையில் செத்த டிஸ்க்கைத் திறந்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், தூசியில்லாத அறையில், கண்ணாடிக் கூண்டுக்குள், அவர்களுக்கு எழுதலாம், எழுதினால் எந்த ரகம், எந்த வருஷம், உள்ளே எந்தப் பலகை என்று கேட்பார்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பச்சடி காரமாக இருந்தது. காரமா இருக்கு என்றேன். தெரியும், இஞ்சி முத்தல் என்றாள். முதல் தடவையிலேயே கேட்டது.

வண்டியில் போகும்போது முருகன்குறிச்சி பக்கம் வெயில் கண்ணைக் குத்தியது. பின்னால் உட்கார்ந்தவள் என் காதோரம் வாயை வைத்து, பாட்டு ஃபோன்ல ஏத்திட்டீயளா என்றாள். ஏற்றிவிட்டேன், லேப்டாப்பிலும் இருக்கிறது, என் மெயிலிலும், உன் ஃபோனிலும், எலிசபெத்துக்கும் அனுப்பியிருக்கிறேன் என்றேன். அவள் சிரித்தது முதுகில் தெரிந்தது. வழக்கமாக வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன். இன்றைக்குத் திரும்பினால் வீட்டில் அந்த மூட்டைதான் இருக்கும். உள்ளே போனேன். கோயிலை ஒட்டிய ஹாலில் ஆல்ட்டோ பெண்கள் நாலு பேர் பெஞ்சில் இருந்தார்கள். ஷீலா டீச்சர் எங்களைவிட மூத்தவர், ரிட்டயர் ஆகிவிட்டார். இரண்டு பேர் நர்ஸ், அக்கா தங்கை. நாலாவது பெனிட்டா, பேங்க்கில் வேலை, இந்த வருஷம்தான் கல்யாணமாகித் தூத்துக்குடியிலிருந்து இங்கே வந்தவள். ஹெப்சிபா ஒன்றும் விளக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். ஃபோனைச் சின்ன ஸ்பீக்கரில் மாட்டிப் போட்டேன்.

மெட்டு இல்லாமல், தனியாக, அந்த இரண்டாம் குரல். மெட்டு தெரிந்தவர்களுக்கு அது முதலில் பாட்டாகவே தோன்றாது, எதற்கோ அடியில் நின்று தாங்குகிற மாதிரி, ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல் நிற்கும். படுக்கையறை, சாத்தின ஜன்னல், என் வேர்வை. என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்தது. நர்ஸ்களில் மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஷீலா டீச்சர் தொண்டையைச் செருமினார்.

"நல்லா இருக்கு. யாரு ஆன்ட்டி இது?" என்றாள் பெனிட்டா.

பெஞ்சு லேசாக முனகியது.

"நான்தான்," என்றாள் ஹெப்சிபா.

பெனிட்டா அவளையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தாள். ஹெப்சிபா கையமர்த்திவிட்டு, "ரெண்டாவது அடியில நான் மூச்சு வாங்கிருக்கேன், கேட்டியளா? வார்த்தைய ரெண்டாப் பிச்சுப்போட்டேன். அது தப்பு. நீங்க அங்க மூச்சு வாங்கக்கூடாது. முன்னாடியே வாங்கி வச்சுக்கிடுங்க," என்றாள்.

நாலு பேரும் முன்னால் குனிந்து கேட்டார்கள். எத்தனை தடவை கேட்ட பாட்டு அது, அந்த மூச்சு தப்பு என்று எனக்குத் தோன்றினதே இல்லை, அந்த இடம் வரும்போது நானும் சேர்ந்து மூச்சு வாங்குவேன், எனக்காகவே வாங்கினாள் என்று வைத்திருந்தேன். அது பிசகாம். அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம், இன்னொரு தடவை எடுக்கலாம் என்று சொல்ல நினைத்தாளாம், நான் வேர்த்து நின்றதைப் பார்த்து விட்டுவிட்டாளாம். அதைச் சொல்லி அவள் சிரித்தாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது, மற்றவர்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இப்பப் பாடுங்க," என்றாள்.

பாடினார்கள். ஷீலா டீச்சருக்கு மூச்சு எட்டவில்லை, பாதியில் இருமல் வந்துவிட்டது. பெனிட்டா ஏறவேண்டாத இடத்தில் ஏறினாள். ஹெப்சிபா கண்ணை மூடிக்கொண்டு தலையை இரண்டு பக்கமும் அசைத்தாள், பிறகு கண்ணைத் திறந்து என்னிடம், "ரெண்டாவது அடியில இருந்து," என்றாள்.

ஃபோன் திரையில் பாட்டு ஓடுகிற கோட்டை விரலால் பின்னுக்கு இழுத்துப் போட்டேன். குரல் வந்தது. அந்த மூச்சு வருகிற இடத்துக்குச் சரியாக முன்னால் அவள் கையைத் தூக்கினாள். நிறுத்தினேன்.